கன்னத்தில் போட்டுக்கொண்ட தளபதி

நான் ஒரு கோயிலை இடித்தவள். அதுவும் விஜயதசமிக்கு மறுநாள், தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, கிளிநொச்சியில் ஒரு பாடசாலையின் நூலக அறையில் வைத்து இடித்தேன். அதிபரும் முப்பது மாணவர்களும் என் ஆறு வயது மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (மட்டைப் பெட்டியில் செய்த கோயில்தான். ஆனால் கோபுரத்துக்குப் பூசிய நிறம் காய இரண்டு நாள் எடுத்தது. பூசியவள் என் மகள்.)

இதைச் செய்தது நான் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். காஸ் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியில் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்து நான்காம் தரமும் பார்க்கிறவள் நான். மகளின் வகுப்பு ரீச்சருக்கு “நாளைக்கு அபி வரமாட்டாள்” என்று ஒரு வரி அனுப்புவதற்குள் ஐந்து தரம் அழித்து எழுதுவேன். போதாக்குறைக்கு வேலையும் அப்படி. அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வீதியோரம் ஒரு மரத்தைத் தறிப்பதற்கும் விண்ணப்பம், பரிந்துரை, ஊரவரின் சம்மதம், கிராம அலுவலரின் கையொப்பம் என்று ஏழு வருடமாகக் கேட்டுக் கேட்டு, என் மூளையே ஒரு கோப்பு அட்டைக்குள் போய்ப் படுத்துவிட்டது.

என் கணவர் குகன் வரலாற்று ஆசிரியர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்த கதையை ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறார். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் “அவர்கள் வந்தனர், வென்றனர்” என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஏன் வென்றார்கள், எங்கள் ஆட்கள் ஏன் தோற்றார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்ற கவலையில், ஒரு வருடமாக இருந்து மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றைச் செய்தார். பிளைவூட் பலகையில் கடலும் கரையும் கீறி, சோடா மூடிகளில் மட்டை வீரர்களை ஒட்டி நிறுத்தினார். போர்த்துக்கேயத் தளபதி மட்டும் சந்தையில் வாங்கிய பிளாஸ்ரிக் பொம்மை. அது உண்மையில் குதிரையில்லாத ஒரு கவ்போய். தொப்பி இருந்ததால் வேலை கிடைத்தது.

விதிகள் இலகுவானவை. பலகையில் மூன்று இடங்கள்: அரசனின் நகரம், ஒரு கோயில், ஒரு நெற்களஞ்சியம். அரசன் பக்கத்துக்குப் பன்னிரண்டு வீரர். அவர்களை மூன்று இடத்துக்கும் பிரித்து நிறுத்தவேண்டும். தளபதிக்கு ஒன்பது பேர்தான். ஆனால் ஒன்பது பேரையும் ஒரே இடத்துக்கு அனுப்பலாம். யார் எங்கே என்று இரண்டு பக்கமும் இரகசியமாகச் சீட்டில் எழுத, நடுவர் ஒன்றாகப் பிரித்து வாசிப்பார். காவலைவிடத் தாக்க வந்தவர்கள் அதிகம் என்றால் அந்த இடம் விழும். ஆறு சுற்றுக்குள் நகரம் விழுந்தாலோ, கோயிலும் களஞ்சியமும் ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தாலோ தளபதிக்கு வெற்றி.

அதிபர் மிஸ் இதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

“குகன், இஞ்ச படிக்கிற பிள்ளையளின்ர தாய் தேப்பன் பட்டதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை. சண்டையை விளையாட்டாக்கி மேசையில வைக்கிறது சரியோ? ஒருக்கா ஆடிக் காட்டுங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்” என்றாராம்.

அன்று பின்னேரம் குகன் வந்து இதைச் சொன்னபோது எனக்கும் அந்தப் பயம் நியாயமாகத்தான் பட்டது. பட்டாசு வெடித்தால் இன்றைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறவள் நான். ஆனால் அதே நான்தான் பன்னிரண்டு வயதில் பதுங்குகுழிக்குள் இருந்து தாயம் உருட்டி, அண்ணாவின் காயை வெட்டிவிட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரித்தவள். இரண்டில் எது சரியான நான் என்று யோசித்து அன்றைக்கு இடியப்பத்துக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

அடுத்த சிக்கல், தளபதியாக ஆட ஆள் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அரசன் பக்கம் போய்விட்டார்கள். “கோயில் இடிச்சவனா நான் நிக்கமாட்டன் சேர்” என்று ஒவ்வொருவராகக் கை விரித்தார்கள். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் முதலில் சம்மதித்தார். பிறகு நாளைப் பார்த்தார். கேதார கௌரி விரதம் தொடங்குகிற நேரம். காப்புக் கட்டின கையால் கோயில் இடிக்க ஏலாது என்று ஒதுங்கிவிட்டார். குகன் நடுவர், அவர் ஆட முடியாது.

“இஞ்ச பாருமப்பா, நீர்தான் செய்யவேணும்” என்றார்.

“நானோ? என்னால ஒரு கரப்பானையே அடிக்கேலாது.”

“கரப்பான் உயிரோட இருக்கிறது. இது சோடா மூடி.”

ஒரு கெட்டவனாக ஆடுவது பாவமா, ஆடாமல் விட்டுக் கணவரின் ஒரு வருட உழைப்பைக் களஞ்சிய அறைக்கு அனுப்புவது பாவமா என்று இரண்டு இரவு யோசித்து, மூன்றாம் நாள் சம்மதித்தேன். சம்மதித்த கையோடு ஒரு தீர்வும் கண்டுபிடித்தேன். கெட்டவனாக ஆடுவது, ஆனால் கெடுதல் ஒன்றும் செய்யாமல் தோற்றுவிடுவது. பிள்ளைகளுக்கும் சந்தோசம், எனக்கும் பழியில்லை. (இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.)

இதற்கிடையில் சரஸ்வதி பூசை வந்தது. குகனின் அம்மா, என் மாமி, கும்பத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கும்போது விளையாட்டுப் பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டா. விஜயதசமியன்று பெட்டியை எடுத்துத் திறந்தால், இருபத்தொரு மட்டை வீரருக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். தளபதிக்குத் தொப்பிக்குக் கீழே மூன்று குறி திருநீறு.

“மாமி, இவன் பறங்கி!”

“அதுக்கென்ன பிள்ளை? பூசைக்கு முன்னால இருந்தவன் வெறும் நெத்தியோட போகேலாது.”

துடைக்க நினைத்தேன். பூசையில் வைத்துப் பூசியதைத் துடைக்கலாமா? அப்படியே விட்டால் சரித்திரத்துக்கு என்ன பதில்? யோசித்து முடியுமுன் குகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

மறுநாள் நூலக அறையில் தளபதியைப் பலகையில் வைத்ததும் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “சேர், பறங்கி சைவத்துக்கு மாறிட்டான்!” அறை முழுக்கச் சிரித்தது. அதிபர் மட்டும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். அரசன் பக்கத்துக்குத் தலைவி சாதனா. பத்தாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், பார்வையிலேயே ஆளை எடைபோடுகிற பிள்ளை. அபி எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். பலகையில் அவள் நிறம் பூசிய கோயில் எனக்கு நேர் எதிரே நின்றது.

முதற் சுற்று. நான் எழுதிய சீட்டைக் குகன் பிரித்து வாசித்தார்.

“தளபதியின் கட்டளை: கோயில் அமைந்துள்ள கிராம மக்களுக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் வழங்குதல்.”

சிரிப்பில் கூரை பறந்தது.

“கிராம சேவகரின்ர கையெழுத்து இருக்கோ, அன்ரி?”

“ஆட்சேபனை இருந்தா எங்க சேர் கடிதம் குடுக்கிறது?”

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் கொள்கையை விடவில்லை. இரண்டாம் சீட்டை வாசிக்கும்போது குகனின் குரல் வரவரக் குறைந்துகொண்டே போனது.

“நெற்களஞ்சியத்தைச் சேதப்படுத்தாமல் பார்வையிட்டு... அறுவடை முடிந்த பின்... திரும்பி வருதல்.”

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ!” என்று யாரோ கத்த, ஒரு பையன் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு பின்னால் விழுந்தான். அபி என் சேலையை இழுத்து, “அம்மா, நீங்கள் வெல்லுறீங்களோ?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட மோசம்.

அதிபர் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

“குகன், நான் பயந்தது போல இதில ஒண்டும் இல்லை. ஆனால் படிக்கவும் ஒண்டும் இல்லை. திங்கக்கிழமை இந்த மேசை எனக்குப் பரீட்சைக்கு வேணும்.”

குகன் என்னைப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த ஒரு சோடா மூடி வீரனை எடுத்து, மட்டையை நிமிர்த்தி, திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஒரு வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் குசினி மேசையில் அவர் அதையே செய்துகொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். ஒரு நல்லவளாக இருப்பதற்காக இதைத் தொலைத்துவிட்டேனா?

அப்போதுதான் சாதனா எழும்பினாள். அவள் சிரிக்கவில்லை.

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. பறங்கி இவ்வளவு மடையன் எண்டா, அவனிட்டத் தோத்த எங்கட ஆக்கள் எவ்வளவு பெரிய மடையரா இருந்திருக்கவேணும்?”

நல்லது செய்கிறேன் என்று நினைத்து நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். எதிரியைக் கோமாளியாக்கி, கோமாளியிடம் தோற்றவர்களாக எங்கள் ஆட்களையும் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

“மிஸ், நாலு சுற்று இன்னும் இருக்கு” என்று அதிபரிடம் சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. “முடியும் வரைக்கும் இருங்கோ.”

மூன்றாம் சீட்டை எழுதமுன் என்னை அறியாமல் கை இரண்டும் கன்னத்துக்குப் போயின. டப், டப். பிள்ளையாரே, மன்னித்துக்கொள். எழுதி மடித்துக் கொடுத்தேன்.

குகன் பிரித்தார். புருவம் மேலே போனது.

“ஒன்பது பேரும் கோயிலுக்கு.”

என் அறிவித்தல்களைப் பார்த்துச் சோம்பிப்போயிருந்த அரசன் பக்கம் கோயிலுக்கு ஒருவரைத்தான் நிறுத்தியிருந்தது. விதிப்படி இடிப்பவர் தன் கையாலேயே தட்டி விழுத்தவேண்டும். ஒரு விரலால் தொட்டேன். கோயில் சரிந்தது. கோபுரம் தனியாகக் கழன்று கடலுக்குள் விழுந்தது.

அபி எழும்பினாள். கதிரையைத் தூக்கினாள். எதிர்ப்பக்கம் கொண்டுபோய் சாதனாவுக்குப் பக்கத்தில் போட்டாள். “நான் இனி அரசன்ர ஆள்” என்றாள். (பெற்ற வயிறு எரியும் என்பார்களே, அது உண்மை. ஆனால் கட்டளைச் சீட்டும் கையில் இருந்தது.)

நான்காம் சுற்றில் அவர்கள் மூன்று வீரரைக் கட்டட வேலைக்கு விட்டுக் கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். விதியில் அதற்கு இடமிருந்தது. அபியே பசை பூசிக் கோபுரத்தை ஒட்டினாள். மற்ற ஒன்பது பேரும் நகரத்தில் நின்றார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு காவலில்லாத நெற்களஞ்சியத்தை எரித்தேன். அடுத்த அறுவடை வரைக்கும் அதைக் கட்ட முடியாது. இனிக் கோயிலோ நகரமோ, இரண்டில் ஒன்று விழுந்தால் போதும், நான் வென்றுவிடுவேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி எழும்பி நின்றுவிட்டார்கள். அதிபரின் கதிரை ஒரு முழம் முன்னால் வந்திருந்தது.

ஐந்தாம் சுற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கோயில் என்று எழுதினேன். சீட்டைப் பிரித்தால், அரசனின் ஒன்பது வீரர் கோயிலில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்! என் படை வந்த வழியே திரும்பியது. எதிர்ப்பக்கம் துள்ளிக் குதித்தது.

எப்படித் தெரிந்தது? நிமிர்ந்து பார்த்தேன். அபி சாதனாவின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, தன் இரண்டு கன்னத்திலும் மெல்லத் தட்டிக் காட்டினாள். எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் ரிமோட்டை ஒளித்துவைத்துவிட்டு “பழுதாப்போச்சு” என்று சொல்லும்போதெல்லாம் நான் சாமி அறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போடுவதை இந்தப் பிள்ளை எத்தனை நாளாகக் கவனித்து வைத்திருக்கிறாள்! அம்மா கன்னத்தில் போட்டால் ஏதோ பாவம் செய்யப்போகிறா. கோயில் இடிப்பது பாவம். நகரத்தைத் தாக்குவது வெறும் சண்டை. என் மனச்சாட்சியே எனக்கு எதிராக வேவு பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிச் சுற்று. இருந்த பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. திருநீற்றுக் குறியோடு நின்ற தளபதியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு வயதுக் கண்கள் இரண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

நிதானமாகப் பேனையை வைத்தேன். கண்ணை மூடினேன். இரண்டு கையையும் தூக்கிக் கன்னத்தில் டப், டப், டப் என்று மூன்று தரம் போட்டேன். போதாது என்று தோன்றியது. கையை மாற்றிப் பிடித்துக் காதைத் தொட்டு ஒரு தோப்புக்கரணமும் போட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் பெரிய குசுகுசுப்பு. சீட்டு எழுதப்பட்டது.

குகன் முதலில் அரசனின் சீட்டைப் பிரித்தார். “பத்துப் பேர் கோயிலில். இரண்டு பேர் நகரத்தில்.” பிறகு என்னுடையதைப் பிரித்தார். வாசிக்காமல் என்னைப் பார்த்தார். கலியாணமாகி எட்டு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதற்தரம்.

“ஒன்பது பேரும்... நகரத்துக்கு.”

நகரம் விழுந்தது.

சாதனா பலகையைக் குனிந்து பார்த்தாள். கோயிலைச் சுற்றிச் சந்தனப் பொட்டோடு நின்ற பத்து மட்டை வீரரையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“அப்ப அவை மடையர் இல்லை, அன்ரி” என்றாள் மெல்ல. “நாங்களும் கோயிலைக் காப்பாத்தத்தானே போனனாங்கள்.”

அடுத்தது என் மகள். கதிரையில் ஏறி நின்று, நூலகத்தின் கடைசி அலுமாரி வரைக்கும் கேட்கக் கத்தினாள்.

“எங்கட அம்மா எல்லாரையும் ஏமாத்திப்போட்டா!”

இவ்வளவு பெருமையாக அவள் என்னைப் பற்றி அதற்கு முதல் எதுவும் சொன்னதில்லை. பிறகு எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று மேசையில் தட்டினார்கள். அதிபர் எழும்பினார். நான் எழும்பி நின்று, பழக்க தோசத்தில் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பலகையைப் பார்த்தார்.

“பரீட்சைக்கு வேற மேசை பாப்பம். குகன், கிழமையில எந்த நாள் வைக்கலாம்?” என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “அடுத்தமுறை ஆர் பறங்கி?” என்று கேட்டார்.

பதினேழு கை தூக்கப்பட்டது. நான் எண்ணினேன். முதற் கை சாதனாவுடையது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. வியாழக்கிழமை தோறும் பாடசாலை முடிய அந்த மேசை இன்னும் கூடுகிறது. யார் தளபதி என்பதில்தான் இப்போது சண்டை. வீட்டில் மாமி, வெற்றி முழுவதும் தன்னுடையது என்கிறா. “திருநீறு பூசிவிட்டது ஆர்? சும்மா நெத்தியோட போயிருந்தா வெண்டிருப்பானோ?” நான் சோறு போதும் என்று சொன்னாலும், கடைக்குப் போகிறேன் என்று சொன்னாலும், குகன் முதலில் என் கன்னத்தைத்தான் பார்க்கிறார்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே அபி பிள்ளையார் கோயில் ஐயரிடம், “ஐயா, எங்கட அம்மா கோயில் இடிச்சவா” என்று சொல்லிவைத்துவிட்டாள். கையில் தீபத் தட்டோடு நின்ற மனிதர் என்னைப் பார்த்த பார்வைக்கு நடந்ததை விளக்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது.

போன கிழமையும் அங்கே போயிருந்தோம். அபிக்கு அடுத்த மாதம் சோதனை. எனக்கு வழக்கம்போலப் பயம். திரை விலகியதும் கண்ணை மூடி, மனதார, உண்மையாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கைகூப்பி நின்ற அபி, மூலஸ்தானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“பிள்ளையாரே, அம்மாவை நம்பாதேங்கோ. அவா இப்ப வேற எங்கயோ போகப்போறா.”